சங்கீதமும் நாலு நரம்பு வாத்தியமும்

மம்சாபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு சில வாலிபர்களும் பெண்களும் சமீப காலமாக ஒரு சிறு வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சினிமாப் பாட்டுகளையும் தெம்மாங்குகளையும் வாசிக்கப் பழகி வருவதை நாம் பார்த்து வருகிறோம். அதற்கு யுகுலேலே என்று பெயர். பார்வைக்குக் கிடாரின் குட்டியைப் போல் இருக்கும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். அதற்கு உள்ளது நாலே நரம்பு. மில் ஷிப்டு முடிந்து வந்தவரும், தோப்பு வேலைக்குப் போய் வந்தவரும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து அதை மீட்டுகிறார்கள். இதனால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. யார் தூக்கமும் கெடுவதில்லை. அப்படியிருந்தும் இதைப்பற்றி ஊருக்குள் பலவிதமான பேச்சு நடக்கிறது.

"சங்கீதம் என்பது பூர்வ ஜென்ம புண்ணியம், அது கண்டவனுக்கு வராது" என்கிறார் ஒருவர். "இது வெள்ளைக்காரன் விளையாட்டுச் சாமான், இதில் கமகம் வருமா?" என்கிறார் இன்னொருவர். "சினிமாப் பாட்டை வாசிப்பது ஒரு வித்தையா?" என்று கேட்கிறார் மூன்றாமவர். இவையெல்லாம் போதாதென்று, "பெண் பிள்ளைக்குத் திண்ணையில் உட்கார்ந்து என்ன வாத்தியம்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த நாலு பேச்சையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், வாத்தியத்தைப்பற்றிய பேச்சாக அவற்றில் ஒன்றுமே இல்லை என்பதும், எல்லாமே யார் கையில் வாத்தியம் இருக்கலாம் என்பதைப்பற்றிய பேச்சுத்தான் என்பதும் விளங்கும். ஆதலால்தான் இந்தச் சிறு சாமானைப்பற்றி இவ்வளவு இடம் எடுத்துக்கொண்டு எழுதுகிறோம்.

முதலாவது, இந்த வாத்தியம் எங்கேயிருந்து வந்தது, யார் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. போர்ச்சுக்கீசியருக்குச் சொந்தமான மதேரா என்ற தீவிலிருந்து, ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்வதற்கென்று ஜனங்களை ஏற்றிக்கொண்டு, ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் 1879 ஆகஸ்டு 23-ந் தேதி ஹொனலூலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. நமது நாட்டிலிருந்து டர்பனுக்கும், மொரீசுக்கும், மலேயாவுக்கும், இலங்கைக்கும் ஜனங்களை எப்படி ஏற்றிக்கொண்டு போனார்களோ அதே மாதிரிதான். சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தமிழர்களையும் தெலுங்கர்களையும் ஏற்றிக்கொண்டு டர்பனில் போய் இறங்கியது 1860 நவம்பர் 16-ந் தேதி. அவர்களுக்கும் கரும்புத் தோட்டம்தான். இவர்களுக்கும் கரும்புத் தோட்டம்தான்.

ராவன்ஸ்கிராக் கப்பலில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள். மனுவேல் நூனஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்பது அவர்கள் பெயர். தங்கள் ஊரில் மச்சேட்டி என்று வழங்கிய சிறு வாத்தியத்தை அவர்கள் உள்ளூர் மரத்தில் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஹவாய் ஜனங்கள் அதற்கு யுகுலேலே என்று பெயர் வைத்தார்கள். குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்பது அதற்குப் பொருளாம். வாசிப்பவரின் விரல் நரம்பின்மேல் குதிப்பதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். அந்நாட்டின் கடைசி ராணியான லிலியுகலானி, "இங்கே வந்து சேர்ந்த வெகுமதி" என்று அதற்கு வேறொரு பொருள் சொன்னார் என்பதும் உண்டு. எது எப்படியானாலும், இந்த வாத்தியத்தை எந்தத் தேவனும் வானத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. பிழைப்புக்காகக் கடல் தாண்டிய மூன்று தச்சர்கள் உளியும் இழைப்புளியும் கொண்டு செய்தார்கள் என்பது மாத்திரம் நிச்சயம்.

அந்த நாட்டிலும் மத குருக்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கப் பாதிரிகள் வந்து ஜனங்களை மதம் மாற்றிய பிறகு, ஹூலா என்ற அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் அநாகரிகம் என்று சொல்லப்பட்டு, 1830-ல் அது பொது இடங்களில் ஆடப்படாதென்று உத்தரவாயிற்று. பிறகு கலாகவா என்ற அரசர்தான் 1883-ல் நடந்த தமது முடிசூட்டு விழாவில் அதைத் தைரியமாய் மறுபடியும் சபைக்குக் கொண்டுவந்தார். அவர் காலத்திலேயே யுகுலேலேக்கும் அரண்மனையில் மரியாதை கிடைத்தது. 1893-ல் அந்த ராஜ்யத்தைக் கரும்பு முதலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் கவிழ்த்துவிட்டார்கள். 1898-ல் அமெரிக்கா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ராஜ்யம் போயிற்று, ஆனால் வாத்தியம் போகவில்லை. 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சியில் அதைக் கேட்ட அமெரிக்க ஜனங்கள் அதன்மேல் பைத்தியமாகி விட்டார்கள். இவ்வளவும் எதற்காகச் சொல்லுகிறோமென்றால், கூலிக்காரர் கையிலே பிறந்த ஒரு சாமான், பாதிரியும் முதலாளியும் செய்ததையெல்லாம் தாண்டி நிற்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே.

நிற்க. இனி முதல் ஆட்சேபணைக்கு வருவோம். சங்கீதம் பூர்வ ஜென்ம புண்ணியத்தால் வருவதா? யுகுலேலேயையே கையில் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சிறிய ஜாதி வாத்தியத்தில் நரம்பின் நீளம் சுமார் 34 சென்டிமீட்டர் இருக்கும். அதன் கழுத்தின்மேல் குறுக்காக உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். அவற்றைப் படி என்று சொல்லுவோம். முதல் படி எங்கே இருக்கவேண்டும் தெரியுமா? நரம்பு முழுவதையும் ஏறக்குறைய 17.8-ஆல் வகுத்து, அந்த அளவு தள்ளி வைக்கவேண்டும். அதாவது மேலேயிருந்து 1.9 சென்டிமீட்டர். பிறகு மீதியுள்ள நீளத்தை மறுபடியும் 17.8-ஆல் வகுத்தால் இரண்டாவது படி கிடைக்கும். இப்படியே பன்னிரண்டு தடவை செய்துகொண்டு போனால், பன்னிரண்டாவது படி சரியாக நரம்பின் பாதியில், 17 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். அங்கே விரலை வைத்து மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். அந்தப் பன்னிரண்டு படிகளும்தான் வித்வான்கள் சொல்லும் பன்னிரண்டு சுரஸ்தானங்கள். இதில் புண்ணியம் எங்கே இருக்கிறது? பாவம் எங்கே இருக்கிறது? வகுத்தல் கணக்குத் தெரிந்த எந்தத் தச்சனும் அளவுகோலை வைத்துச் செய்துவிடக்கூடிய காரியந்தானே இது? விஜயதசமியில் வாத்தியத்துக்குச் சந்தனம் பூசினாலும் அந்தப் படிகள் ஒரு நூல் நகரப்போவதில்லை. பூசாமல் விட்டாலும் நகரப்போவதில்லை.

இப்போது வாசிக்கிற விதத்தைச் சொல்லுகிறோம். வாத்தியத்தை மார்போடு அணைத்துப் பிடித்தால், மேலிருந்து கீழாக நாலு நரம்பும் ப, ச, க, த என்று பேசும்படி சுருதி கூட்டுவது வழக்கம். அதாவது ஒரு கட்டை சுருதியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம், சதுசுருதி தைவதம். இதில் ஒரு விசேஷம் உண்டு. முதல் நரம்பாகிய பஞ்சமம் மற்ற வாத்தியங்களில் போல் அடித் தொண்டையில் பேசாது. இரண்டாவது நரம்புக்கும் மூன்றாவது நரம்புக்கும் மேலான குரலில் பேசும். அதனால்தான் இந்த வாத்தியத்துக்கு அந்தக் கலகலப்பு. ஒரு விரலும் வைக்காமலே இந்த நாலு நரம்பையும் தொட்டால், மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நாலு சுரம் கிடைத்துவிடுகிறது. மீதியுள்ள ரிஷபம் இரண்டாவது நரம்பின் இரண்டாவது படியில் இருக்கிறது. ஒரே ஒரு விரலால் ஒரே ஒரு இடத்தைத் தொடத் தெரிந்தவருக்கு மோகனத்தின் ஐந்து சுரங்களும் கையில் வந்துவிடுகின்றன என்றால், "கண்டவனுக்கு வராது" என்று சொல்லுவதற்கு என்ன அர்த்தம்?

பாட்டுக்குத் துணையாக வாசிப்பதற்கு இன்னும் சுலபம். பல சுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்கிறார்கள். கடைசி நரம்பின் மூன்றாவது படியில் ஒரு விரலை வைத்தால், ப, ச, க, ச என்று முதல் கார்டு ஆகிவிட்டது. முதல் நரம்பின் இரண்டாவது படியிலும் மூன்றாவது நரம்பின் முதற் படியிலுமாக இரண்டு விரல் வைத்தால் த, ச, ம, த என்று இரண்டாவது கார்டு. இரண்டாவது நரம்பில் இரண்டாவது படி, மூன்றாவது நரம்பில் முதற் படி, நாலாவது நரம்பில் இரண்டாவது படி என்று மூன்று விரல் வைத்தால் ப, ரி, ம, நி என்று மூன்றாவது கார்டு. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல், அவ்வளவுதான் பாடம். இந்த மூன்று கார்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே ஜனங்கள் வாயில் புழங்கும் எத்தனையோ பாட்டுகளைப் பாடிவிடலாம். முதல் நரம்பின் இரண்டாவது படியில் மாத்திரம் விரல் வைத்தால் சோகச் சாயலுள்ள இன்னொரு கார்டும் வந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள வேண்டியது சில வாரம் சாயங்காலப் பொழுதும், விரல் நுனி காய்த்துப்போகிற வரையில் பொறுமையும்தான். பூர்வ ஜென்மம் வேண்டியதில்லை. இந்த ஜென்மமே போதும்.

இரண்டாவது ஆட்சேபணை, இது அன்னிய வாத்தியம், இதில் கமகம் வராது என்பது. அன்னியம் என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல மம்சாபுரத்திலிருந்து வெகு தூரம் போகவேண்டியதில்லை. நமக்குக் கிழக்கே இருக்கிற எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர் பாலுஸ்வாமி தீட்சிதர். 1786-ல் பிறந்து 1858-ல் இறந்தவர். அவர்தான் வெள்ளைக்காரர் பாண்டு கோஷ்டியில் கேட்ட பிடிலை எடுத்து நமது சங்கீதத்தை அதில் வாசித்துக் காட்டினார். தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் அரசர் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசு கொடுத்தது 1834-ல். இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? அந்தப் பிடிலை அன்னியம் என்று யாராவது கீழே வைக்கச் சொல்லுகிறார்களா? சபையில் உள்ளவர்கள் எடுத்தால் சுதேசி, திண்ணையில் உள்ளவர்கள் எடுத்தால் அன்னியம் என்பது என்ன நியாயம்?

ஆர்மோனியத்தின் கதை இதைவிட வேடிக்கை. பாரிசு நகரத்தில் டெபேன் என்பவர் 1842-ல் உரிமைப் பத்திரம் வாங்கிய வாத்தியம் அது. கல்கத்தாவில் அதைக் கைத்துருத்தி வைத்துச் சிறிதாக்கினார்கள். நமது நாட்டு நாடகக் கொட்டகைகளில் அது இல்லாமல் திரை தூக்க முடியாது என்ற நிலைமை ஏற்பட்டது. செங்கோட்டைக் கிட்டப்பாவின் நாடகங்களைக் கேட்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில், அந்தக் குரலுக்குப் பக்கத்தில் பேசியது அவர் சகோதரர் காசி அய்யரின் ஆர்மோனியந்தான். ஆனால் 1940-ல் அகில இந்திய ரேடியோ, இது கமகம் வராத வாத்தியம், பன்னிரண்டு சுரத்தைக் கட்டிப்போட்ட வாத்தியம் என்று சொல்லி, அதை ஒலிபரப்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டது. அந்தத் தடையைத் தளர்த்துவதற்கு 1971 வரையில் ஆயிற்று. 30 வருஷ காலம் ஜனங்களுடைய வாத்தியத்துக்கு ஜனங்களுடைய வரிப்பணத்தில் நடந்த ரேடியோவில் இடமில்லை. அந்த 30 வருஷத்தில் ஆர்மோனியம் செத்ததா? இல்லை. கிராமத்து மேடையில் அது ஒரு நாளும் வாய் மூடவே இல்லை. சங்கீதம் கெட்டதா? அதுவும் இல்லை.

இதைப் போன்ற பேச்சு வாத்தியத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். தமிழ் மொழியே சங்கீதத்துக்கு லாயக்கில்லை என்று சொன்ன காலமும் இருந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடித் தமிழ்ப் பாட்டுக்கு முதல் இடம் வேண்டும் என்று தீர்மானம் செய்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வைக்கவேண்டி வந்தது. தமிழ் நாட்டில் தமிழில் பாடுவதற்கே சங்கம் வைக்கவேண்டியிருந்த தேசத்தில், நாலு நரம்புக்கு ஆட்சேபணை வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்த வாத்தியத்தில் கமகம் நன்றாக வராது என்பது வாஸ்தவந்தான். நரம்பு குட்டையானது, நாதம் சீக்கிரம் அணைந்துவிடும். தோடியையும் பைரவியையும் இதில் விஸ்தாரமாக வாசித்துக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் அதை நாம் நம்பமாட்டோம். அதற்கு வீணையும் பிடிலும் நாதசுரமும் இருக்கின்றன. மாண்டலினில் கர்நாடக ராகங்களைக் கொண்டுவர எண்ணிய யு. ஸ்ரீநிவாஸ், அந்த வாத்தியத்தையே மாற்றி, எட்டு நரம்புக்குப் பதில் ஐந்து நரம்பு போட்டு, மின்சாரத்தைக் கொண்டு ஒலியை நீட்டிக்கொண்டார். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்த சபைகளே பிறகு அவரைத் தலைமேல் வைத்துக்கொண்டாடின. தேவைக்குத் தக்கபடி சாமானை மாற்றிக்கொள்ளலாம். அல்லது சாமானுக்குத் தக்கபடி பாட்டை அமைத்துக்கொள்ளலாம். இரண்டும் அறிவுள்ள காரியமே. கலப்பையால் முடியாத வேலைக்கு மண்வெட்டி இருக்கிறது என்பதற்காகக் கலப்பையை யாரும் திட்டுவதில்லை.

பாட்டை வாத்தியத்துக்கு அமைத்துக்கொள்வதைப்பற்றிப் பெரிய புராணத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சம்பந்தர் கூடவே யாழ் வாசித்துக்கொண்டு போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் இருந்த அவருடைய உறவினர்கள், உமது யாழினால்தான் அந்தப் பாட்டுக்குப் பெருமை என்று பேசினார்களாம். உடனே யாழுக்கு அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் பாட, பாணர் வாசிக்க முடியாமல் வெட்கப்பட்டு யாழையே உடைக்கப் போனாராம். சம்பந்தர் தடுத்து, கருவியில் வருகிற மட்டும் வாசியும் என்று சொன்னாராம். அற்புதத்தை நாம் நம்புவதில்லை என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். பாணர் குலத்து வித்வானை அவர் சொந்த ஜனங்களுக்கு முன்னால் தலை குனியச் செய்ததற்கு அருள் என்று பெயர் வைத்திருப்பதையும் வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். ஆனால் கடைசியில் சொன்ன புத்திமதி இருக்கிறதே, அது மாத்திரம் நல்ல புத்திமதி. பாட்டு முழுவதும் கருவிக்குள் அடங்காவிட்டால் கருவியை உடைக்கவேண்டியதில்லை. வருகிற மட்டும் வாசிக்கலாம்.

அந்த "வருகிற மட்டும்" என்பதுதான் அமைப்பு வேலையின் ரகசியம். ஒரு சினிமாப் பாட்டில் முப்பது நாற்பது வாத்தியக்காரர் வாசித்திருப்பார்கள். அவ்வளவையும் நாலு நரம்பில் காட்ட நினைப்பவருக்கு ஏமாற்றந்தான் மிஞ்சும். ஆகவே முதலில் பாடுகிறவரின் தொண்டையைப் பார்க்கவேண்டும். சினிமாவில் பாடியவர் சுருதி நமக்கு ஒத்துவராவிட்டால் அதை விட்டுவிட்டு, ஆணுக்கு ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ, பெண்ணுக்கு ஐந்து கட்டையோ, எது சிரமமில்லாமல் பேசுகிறதோ அதற்குப் பாட்டை மாற்றிக்கொள்ளவேண்டும். இரண்டாவதாக, மெட்டு எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறது என்று காதால் கண்டுபிடிக்கவேண்டும். அந்த இடங்களில்தான் கார்டு மாறும். மூன்றாவதாக, வலது கை தாளக்காரன் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். கும்மிக்கு ஒரு வீச்சு, தாலாட்டுக்கு ஒரு வீச்சு, நடைப் பாட்டுக்கு ஒரு வீச்சு. நாலாவதாக, முன்னிசை இடையிசை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, எதை எடுத்தால் பாட்டே போய்விடுமோ அதை மாத்திரம் வைத்துக்கொள்ளவேண்டும். எது அவசியம், எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம், பாட்டோடு நின்றுவிடாமல் மற்ற விஷயங்களுக்கும் பரவினால் நாட்டுக்கு எவ்வளவோ நன்மை உண்டு.

மூன்றாவது ஆட்சேபணை, சினிமாப் பாட்டு வாசிப்பது ஒரு வித்தையா என்பது. இதற்குப் பதில் நமது மேற்கு மலையை ஒட்டியே, வடக்கே தேனிப் பக்கத்தில் இருக்கிறது. பண்ணைபுரம் என்ற கிராமத்தில் பாவலர் வரதராசன் என்பவரும் அவர் தம்பிமார்களும் ஆர்மோனியமும் கிடாரும் தபலாவும் வைத்துக்கொண்டு, ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் புதிய வார்த்தைகளைப் போட்டுப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். 1958-ல் தேவிகுளம் இடைத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடத்தில் அவர்கள் பாட்டு செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. அந்தத் தம்பிமார்களில் ஒருவர்தான் 1976-ல் "அன்னக்கிளி" படத்துக்கு இசை அமைத்து, 2025 மார்ச்சு 8-ந் தேதி லண்டன் பட்டணத்தில் தாம் எழுதிய சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா. தெரிந்த மெட்டைச் சிறு வாத்தியத்துக்கு அமைத்துப் பழகியது அவருக்குக் கேவலமாய்ப் போயிற்றா, பள்ளிக்கூடமாய் அமைந்ததா என்று ஆட்சேபிக்கிறவர்களைக் கேட்கிறோம்.

நமக்கு சினிமாவின்மேல் ஒன்றும் மோகம் இல்லை. நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். சினிமாப் பாட்டைக் கேட்டுக்கொண்டு மாத்திரம் இருக்கிறவன் சரக்கு வாங்குகிறவன். அதே பாட்டைத் தன் கையால் அமைத்து வாசிக்கிறவன் சரக்குச் செய்கிறவன். முன்பு நமது ஊர்களில் நாற்று நடுகிறவள் பாடினாள். ஏற்றம் இறைக்கிறவன் பாடினான். தொட்டில் ஆட்டுகிறவள் பாடினாள். இன்று அந்த வாய்கள் எல்லாம் மூடிப்போய், மைக்செட்டும் கைப்பேசியும் பாட, நாம் வெறும் காதாக உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் ஒரு விசேஷம் என்றால் மைக்செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். விடிந்தால் காது அடைத்ததைத் தவிர வேறு மிச்சம் இல்லை. ஒரு யுகுலேலேயோ 2,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அது வருஷக்கணக்கில் உழைக்கும். பத்துப் பேருக்குப் பாடம் சொல்லும். கனடா தேசத்தில் ஹாலிபாக்ஸ் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் சால்மர்ஸ் டோன் என்ற ஆசிரியர் 1967 முதல் இந்தச் சிறு வாத்தியத்தைக் கொண்டே வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். விலை குறைவு, சிறு கைக்கு அடக்கம், வாசித்துக்கொண்டே பாடலாம் என்பதே அவர்கள் கண்ட சௌகரியம். நமது பிள்ளைகளின் கை அவர்கள் கையைவிட எந்த விதத்தில் மட்டமானது?

இனி நாலாவது பேச்சு, பெண்களுக்கு எதற்கு என்பது. சரஸ்வதி என்று ஒரு பெண் தெய்வத்தை வைத்து, அவள் கையில் வீணையைக் கொடுத்து, வருஷந்தோறும் பொரியும் சுண்டலும் படைக்கிறார்கள். ஆனால் படம் வீணை வாசிக்கலாம். வீட்டுப் பெண் வாசிக்கக்கூடாது. வெகு காலம் வரையில் பொட்டுக்கட்டிய குலத்துப் பெண்களைத் தவிர மற்றப் பெண்கள் சபையில் பாடுவது அவமானம் என்று வைத்திருந்தார்கள். பாடுகிற பெண்களையும் கௌரவமாக நடத்தவில்லை. பிராமணக் குடும்பத்துப் பெண் கச்சேரி மேடையில் பாடுவது என்பதே 1930-களில் டி. கே. பட்டம்மாள் போன்றவர்கள் துணிந்த பிறகுதான் சாதாரணமாயிற்று. ஸ்ரீவில்லிப்புத்தூரில் ஒரு பெண் பாடிய பாட்டு என்று மார்கழி முழுவதும் ஊரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள். அந்த ஸ்ரீவில்லிப்புத்தூருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மம்சாபுரத்தில் இன்று உயிரோடிருக்கும் ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து பாடினால் குறை சொல்லுகிறார்கள் என்றால், இவர்கள் கொண்டாடுவது பெண்ணின் பாட்டையா, அல்லது பாடியவள் இப்போது இல்லை என்பதையா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஜாதி விஷயமும் இதற்குள்ளேதான் இருக்கிறது. நமது நாட்டில் வாத்தியத்தைப் பார்த்தே ஆளின் ஜாதியைச் சொல்லிவிடுவார்கள். பறை என்றால் ஒரு ஜாதி, நாதசுரம் என்றால் ஒரு ஜாதி, வீணை என்றால் ஒரு ஜாதி. ஜாதிக்குத் தக்கபடி நிற்கிற இடமும் உட்காருகிற இடமும் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்ற மகா வித்வானே, நின்றுகொண்டு வாசிக்கமாட்டேன், மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டியிருந்தது. யுகுலேலேக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இதை வாசிக்கிறவன் என்ன ஜாதி என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை; எழுதியவர்களுக்கு இந்த வாத்தியம் தெரியாது. ஒரே திண்ணையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரே வாத்தியத்தைக் கை மாற்றி வாசிக்கலாம். ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு இதில் உள்ள கசப்பு கமகத்தைப்பற்றியது அல்ல, இந்தக் கை மாற்றத்தைப்பற்றியதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

ஆதலால் மம்சாபுரத்துத் தோழர்களுக்கும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிப்புத்தூர்ப் பக்கத்து வாலிபர்களுக்கும், மற்ற ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். படிப்பகம் வைத்திருப்பவர்கள் பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் இரண்டு யுகுலேலேயும் வாங்கி வைக்கட்டும். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். நமது பக்கத்தில் தென்னந்தோப்புக்கும் குறைவில்லை, தச்சருக்கும் குறைவில்லை. தேங்காய்ச் சிரட்டையை உடலாக வைத்தும் இந்த வாத்தியத்தைச் செய்கிறார்கள். மேலே சொன்ன வகுத்தல் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்தால் நமது தச்சர்களே முயன்று பார்க்கலாம். வீட்டுக் கிழவிகளிடம் இருக்கும் தாலாட்டையும் கும்மியையும் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே நாலு நரம்பில் அமைத்து வைத்துக்கொள்ளவேண்டும். சினிமாப் பாட்டு நாளைக்கும் கிடைக்கும். கிழவியின் பாட்டு கிழவியோடு போய்விடும்.

முதல் மாதம் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விரல் வலிக்கும். வலிக்கட்டும். மூன்றாவது மாதம் சிரித்தவர் வீட்டுப் பிள்ளையே வந்து, எனக்கும் ஒரு தடவை கொடுங்கள் என்று கேட்கும். அப்போது அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று கேளாமல், ஆணா பெண்ணா என்று பாராமல் வாத்தியத்தை அதன் கையில் கொடுத்து, முதல் கார்டுக்கு எந்தப் படியில் விரல் வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.